ஏறும்போது ரயிலில், இறங்கும்போது வேனில்: குன்னூர்ப் பாலச் சுற்றுலா

கடந்த அக்டோபர் நடுவில், புரட்டாசி முடிய இரண்டு நாட்கள் இருந்தபோது, குன்னூரைச் சேர்ந்த சிறிய சுற்றுலா நிறுவனம் ஒன்று நடத்தும் ஒருநாள் பாலச் சுற்றுலாவுக்கு மனைவியையும் ஒன்பது வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போய்வந்தேன். நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் பாலங்களையும் சிறுபாலங்களையும் அளந்தும் பழுது பார்த்தும் கழித்தவன் என்பதால், நீலகிரி மலை ரயில் பாதையின் பாலங்களை மட்டுமே காட்டுவதற்கு ஒருவர் கட்டணம் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது. காலையில் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறிக் குன்னூரில் இறங்குவது, அங்கே மதிய உணவு, பிறகு வேனில் மலைச்சாலை வழியாகக் கீழே இறங்கியபடி காலையில் கடந்துவந்த பாலங்களைக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்ப்பது, மாலையில் மீண்டும் மேட்டுப்பாளையம் என்பது ஏற்பாடு. ஆளுக்கு 2,600 ரூபாய், ரயில் கட்டணம் தனி. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே காரணம்.

முதல் குறை விளம்பரத் தாளிலேயே தொடங்கிவிட்டது. மடித்துக் கொடுக்கும் அந்தத் தாளின் முகப்பில், சிவப்புச் சாயம் பூசிய மரச்சுவர்களும் ஓட்டு வீட்டைப் போன்ற கூரையும் கொண்ட ஒரு பாலமும், அதைச் சுற்றி மஞ்சளும் செம்மஞ்சளுமாய் உதிரும் இலைகளும் அச்சிடப்பட்டிருந்தன. நீலகிரியில் அப்படி ஒரு பாலமும் கிடையாது, அப்படி நிறம் மாறி மொத்தமாக உதிர்கிற காடும் கிடையாது. அது அமெரிக்காவின் கூரைப் பாலம். ஆனால் பேத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து, "கூரை போட்ட பாலம் எப்ப வரும் தாத்தா?" என்ற கேள்விக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூரைப் பாலத்தின் கதை தனிக் கதை. பாலத்தின் பாரத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் மழையிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தால் பத்து இருபது ஆண்டுகளில் உளுத்துப்போகும் என்பதால், அந்தச் சட்டங்களைக் காப்பாற்றவே அங்கே கூரை வேய்ந்தார்கள். பாலத்தில் போகிற மனிதர்கள் நனையாமல் இருந்தது உபரி லாபம். இண்டியானா மாநிலத்தில் பார்க் கவுண்டி என்ற விவசாயப் பகுதியில் இத்தகைய பாலங்கள் முப்பத்தொன்று இருக்கின்றன. அவற்றுக்காகவே 1957 முதல் அக்டோபரில் பத்து நாள் திருவிழா எடுக்கிறார்கள். அவற்றில் பிரிட்ஜ்டன் என்ற ஊரின் பாலத்தை 2005-இல் யாரோ தீ வைத்துக் கொளுத்திவிட, மறு ஆண்டே ஊரார் அதே இடத்தில் மீண்டும் கட்டி எழுப்பினார்கள். நம் மலை ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அதே 2005-இல்தான். ஒரு பாலத்துக்கு ஊர் கூடித் திருவிழா எடுக்கலாம் என்ற எண்ணத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்ட சுற்றுலாக்காரர், எண்ணத்தோடு நில்லாமல் படத்தையும் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

காலை ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் சேர்ந்தோம். மொத்தம் பதினான்கு பேர். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். இப்படிச் சின்ன விஷயங்களில் அவர்கள் கவனமானவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். பணம் கட்டும்போது முதல் வகுப்பு என்று சொன்னவர்கள், கையில் கொடுத்தது இரண்டாம் வகுப்புச் சீட்டு. இந்தப் பாதையில் அந்த வேறுபாடு மெத்தை இருக்கையோடு முடிந்துவிடுவதில்லை. மலை ஏறும்போது எஞ்சின் வண்டியின் பின்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே முன்னால் எஞ்சின் மறைக்காது, முதல் பெட்டியின் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குப் பாதை கண்ணெதிரே திறந்து கிடக்கும். முதல் வகுப்பு இருப்பது அந்த முன்பெட்டியில்தான். பாலம் பார்க்க என்றே வருகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எங்களுக்குக் கிடைத்ததோ நடுப்பெட்டியின் பக்கவாட்டுச் சன்னல். வித்தியாசத் தொகையைத் திருப்பித் தருவதாக வழிகாட்டி அப்போதே ஒப்புக்கொண்டார்.

ஏழு பத்துக்கு வண்டி புறப்பட்டது. ஊரைத் தாண்டியதும் பவானி ஆற்றுப் பாலம், அதன் பின் பாக்குத் தோப்புகள், எட்டாவது கிலோமீட்டரில் கல்லாறு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் தொடங்குகிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. பல் வெட்டிய இரண்டு பட்டைகளை அடுத்தடுத்துப் பதித்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி அமைத்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை இருபது கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறுகிற சரிவு இந்தப் பகுதியில் வருகிறது. மணிக்குப் பத்து, மிஞ்சிப்போனால் பதின்மூன்று கிலோமீட்டர் வேகம். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காளர் கொடியோடு நின்று, முன்னவர் காட்டும் கொடியைப் பின்னவருக்குக் காட்டி எஞ்சின் ஓட்டுநர் வரை செய்தி அனுப்புகிறார்.

பாலங்களுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரையிலான நாற்பத்தாறு கிலோமீட்டர் பாதையில் 250 பாலங்கள், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. கூட்டி வகுத்தால் இருநூறு மீட்டருக்குள் ஒரு பாலம் வந்துவிடுகிறது. அதனால் 250-ம் தூண் வைத்த பெரும் பாலங்கள் என்று எண்ணிக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். பெரும்பாலானவை ஓர் ஓடை நுழைந்து போகிற அளவுக்கான ஒற்றைக் கண் சிறுபாலங்கள். இத்தனை எதற்கு என்றால், சரிவு ஒரே அளவில் ஏற வேண்டிய பாதை, மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியேற முடியாது. மடிப்பு உள்வாங்கும் இடத்தில் பாலம், புடைத்து நிற்கும் இடத்தில் சுரங்கம் என்று வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த மடிப்புகளில்தான் மழைத்தண்ணீரும் இறங்கும். சமவெளியில் ஆற்றைத் தேடிப்போய்ப் பாலம் கட்டுவோம். மலையில் நாம் போகிற பாதையெல்லாம் தண்ணீர் குறுக்கே வந்து நிற்கிறது.

எங்கள் பேச்சு எல்லாம் இதுவாக இருக்க, பேத்தி மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே, "பாலம் எப்ப வரும் தாத்தா?" என்றாள். அந்த நேரத்தில் நாங்கள் அடர்லி நிலையத்துக்குக் கீழே உயரமான கருங்கல் தூண்களின் மேல் போய்க்கொண்டிருந்தோம். சன்னல் வழியே பார்த்தால் தெரிவது எதிர்ச்சரிவின் மரங்களும், கீழே ஒரு வெற்றிடமும்தான். கைப்பிடிச் சுவர் கிடையாது. இரும்பு உத்தரமும் தூணும் பெட்டிக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் கண்ணில் படாது என்பது எனக்குத் தொழில்முறையில் தெரிந்த செய்திதான் என்றாலும், ஒரு குழந்தை கேட்ட பிறகுதான் இந்தச் சுற்றுலா எதற்காக இப்படி ஏறவும் இறங்கவும் இருவேறு வழியாக அமைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கியது. வழிகாட்டி அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கழுத்தில் தொங்கிய ஒலிபெருக்கியில், சுரங்கத்துக்குள்ளும் விடாமல், எந்தப் படத்தின் பாட்டு எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டியில் இருந்த மற்றப் பயணிகள் முகம் சுளித்ததைப் பார்த்து எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பார்க்கத் தெரிந்தால் சன்னலிலிருந்தும் கொஞ்சம் பார்க்கலாம். வளைவில் அமைந்த பாலங்களில் வண்டி வில்லாக வளையும்போது, முன்பெட்டி அடுத்த கரையைத் தொட்டிருக்க, பின்னால் எஞ்சின் இந்தக் கரையில் புகைந்துகொண்டிருக்கும். அந்தச் சில நொடிகளில் நடுவே நிற்கும் தூணின் தலை தெரியும். அதைக் கவனித்துப் பார்த்தால், கற்களின் முகம் உளி கொத்தியபடி கரடுமுரடாகவும், விளிம்புகள் மட்டும் நேராகச் செதுக்கப்பட்டும் இருப்பது புலப்படும். இன்னொன்று, என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் சுவைக்கக்கூடியது. சாதாரண ரயில் பாலத்துக்குப் பெரும் சுமை மேலிருந்து கீழே அழுத்துவது. இங்கே எஞ்சினின் பல்சக்கரம் பல்பட்டையைப் பின்னோக்கி உதைத்துத்தான் வண்டியை மேலே தள்ளுகிறது. அந்த உதை முழுவதும் பாலத்தின் உடம்பில்தான் இறங்குகிறது. இறங்கும் வண்டி பிரேக் போட்டால் பாலத்தைச் சரிவை நோக்கித் தள்ளுகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் இப்படிச் சரிவை நோக்கியே தள்ளப்பட்டும் அந்தத் தூண்கள் அசையாமல் நிற்கின்றன என்றால், அடித்தளத்தைப் பாறையில் பிடித்தவர்களை வணங்கத்தான் வேண்டும்.

ஹில்குரோ நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள், நாங்கள் டீ குடித்தோம். குன்னூர் வந்து சேரும்போது பத்தரை மணி. அங்கே நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வழிகாட்டி எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, ஒரு சின்ன கேக்கை எடுத்துவைத்து, "1908-இல் இதே அக்டோபர் மாதம் இந்தக் குன்னூருக்கு முதல் ரயில் வந்தது" என்று அறிவித்தார். தவறு. குன்னூருக்கு ரயில் வந்தது 1899 ஜூன் 15-இல். 1908 அக்டோபர் 15-இல் ரயில் போய்ச் சேர்ந்தது ஊட்டிக்கு. நடுவில் ஒன்பது ஆண்டுகள் குன்னூரில்தான் பாதை முடிந்து நின்றது. அதற்கும் முன்னால், 1854-இல் முதலில் யோசனை சொல்லப்பட்டு, 1891-இல்தான் வேலையே தொடங்கியது. இதை நான் தனியாக அழைத்துச் சொன்னபோது அவர் கோபிக்காமல், "அப்படிங்களா சார், குறிச்சுக்கிறேன்" என்று கைபேசியில் எழுதிக்கொண்டார். இளைஞர், திருந்தக்கூடியவர். கேக் நன்றாக இருந்தது.

மதிய உணவுக்கு ஊருக்குச் சற்று வெளியே ஒரு படகர் குடும்பத்தின் வீட்டில் ஏற்பாடு. அவரை உதக்க என்று அவர்கள் சொல்லும் அவரைக்கொட்டைக் குழம்பு, சாமைச் சோறு, கீரை, கடைசியில் எண்ணெஹிட்டு என்ற இனிப்புப் பலகாரம். புரட்டாசி என்பதால் மனைவிக்குக் கவலை இருந்தது, எல்லாமே சைவம் என்று தெரிந்ததும் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பரிமாறிய அம்மா, பேத்தியின் இலையில் வெல்லம் மணக்கும் எண்ணெஹிட்டு ஒன்றைக் கூடுதலாக வைத்து, "வழியில சாப்பிடு கண்ணு" என்றார். இந்தச் சுற்றுலாவில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் வந்த இடங்களில் இது ஒன்று. மற்றொன்று பிற்பகலில் வந்தது.

இறங்கும் வழியில் வேன் மூன்று இடங்களில் நின்றது. முதல் இடம் ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரம். அங்கே நிறுத்தியது மகா தவறு. மேலிருந்து வரும் பேருந்துக்கு எங்களையும் தெரியாது, எங்களுக்குப் பேருந்தையும் தெரியாது. இரண்டாவது இடத்தில், பாதைக்கு அருகே ஒரு சிறுபாலம் இருந்தது. இரண்டு இளைஞர்கள் தண்டவாளத்தில் ஏறி நின்று படம் எடுக்க விரும்பியதும், வழிகாட்டி "சீக்கிரம் எடுத்துட்டு வாங்க, இப்ப வண்டி வராது" என்றார். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி இது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கோ ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கீழே பலகை கூட இல்லாத பாலத்தில், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் சத்தம் போட்ட பிறகு இறங்கினார்கள். பாலத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஆள் சேர்க்கிற நிறுவனம் முதலில் சொல்லித்தர வேண்டியது பாலத்தில் ஏறக்கூடாது என்பதைத்தான். இந்த ஒன்றைத் திருத்திக்கொள்ளாதவரை, விடலைப் பிள்ளைகளைத் தனியாக இந்தச் சுற்றுலாவுக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது இடம் மரப்பாலத்துக்கு அருகே ஒரு டீக்கடை. பெயரைக் கேட்டதும் பேத்திக்கு மீண்டும் உயிர் வந்துவிட்டது. ஊரின் பெயரில் மட்டும்தான் மரம் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைத்தேன். 1993 நவம்பரில் ஏற்பட்ட பெரும் மண்சரிவால் இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. 2009 நவம்பரிலும் மழை நீலகிரியைப் புரட்டிப்போட்டது, ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அமெரிக்கக் கூரைப் பாலத்துக்கு மேலிருந்து விழுகிற மழைதான் பகை, அதைக் கூரை தடுத்துவிடும். இங்கே கல்லும் இரும்பும் மழையில் நனைவதைப் பற்றிக் கவலையில்லை. தண்ணீர் பக்கவாட்டில், மண்ணையும் பாறையையும் மரத்தையும் வேரோடு சுமந்துகொண்டு மடிப்பு வழியாக இறங்கி வருகிறது. பாலத்தின் கண் அடைபட்டால், தண்ணீர் பாலம் கரையோடு சேரும் தோளை அரித்துக்கொண்டு புதுவழி தேடும்.

இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த டீக்கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார். இந்தப் பாதையில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாகவும் கீமேனாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதைத் தாண்டியவர். நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்திருக்கிறது, அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். தினமும் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் பகுதி முழுவதையும் நடந்தே பார்ப்பது, மழை மாதங்களில் இரவில் விளக்கோடு ரோந்து போவது, பாதையில் பாறை கிடந்தால் வரும் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகளைப் பையில் சுமப்பது என்று தன் வேலையை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "பாலத்துல ரிவிட்டு இளகியிருக்குன்னு எப்படிங்க ஐயா தெரியும்?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார். இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ஆணிதான் ரிவிட்டு. பெரியவர் பதில் சொல்லாமல் கடைக்காரரிடம் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வாங்கினார். ஒன்று நல்லது, மற்றொன்று விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டது. இரண்டையும் மேசை மேல் வைத்து, கரண்டியின் காம்பால் ஒன்றைத் தட்டினார். ணங் என்று கேட்டு, அந்த ஒலி கொஞ்ச நேரம் நின்றது. மற்றதைத் தட்டினார். டொக் என்றதோடு செத்துப்போனது. "இவ்வளவுதாம்மா. அதுவே சொல்லிரும்" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். தட்டும்போது அவர் இடது கையின் விரல்நுனியை டம்ளரின் மறுபக்கத்தில் மெதுவாக வைத்திருந்ததை நான் கவனித்தேன். ரிவிட்டைத் தட்டும்போதும் அப்படித்தான், ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் விரல். அதிர்வு விரலுக்கு வந்தால் இளகியிருக்கிறது என்று பொருள். அவருடைய கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பேத்தி அவரிடமும் தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள். "கூரை போட்ட பாலம் எங்க இருக்கு தாத்தா?" அவர் சற்று யோசித்து, ஒரு பாலத்தைத் தாண்டியதும் வண்டி நேரே சுரங்கத்துக்குள் நுழைகிற இடங்கள் மேலே இருக்கின்றன, மழை கொட்டும்போது தாமும் உடன் வேலை செய்தவர்களும் அந்தச் சுரங்க வாயிலில்தான் ஒதுங்கி நிற்பார்கள் என்றார். "அதுதான் எங்களுக்குக் கூரை." அவள் திருப்தியோடு தலையாட்டினாள். நான் காலையிலிருந்து சொன்ன எந்த விளக்கத்துக்கும் அந்தத் தலையாட்டல் கிடைக்கவில்லை.

அவரோடு ஒதுக்கப்பட்ட நேரம் இருபதே நிமிடம். எனக்கு அது ஆற்றாமையாக இருந்தது. மேலே கேக்குக்கும் உரைக்கும் செலவான முக்கால் மணியை இங்கே கொடுத்திருக்கலாம். அதன் பின் கல்லாறு வந்து, ஆற்றின் ஓரத்திலிருந்து ரயில் பாலத்தைக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தோம். மாலை வெளிச்சத்தில் இரும்பு உத்தரங்களின் அடிப்பகுதியும், அவற்றைத் தாங்கும் தூண்களும், காலையில் எங்களுக்கு அடியில் மறைந்திருந்த அத்தனையும் துலக்கமாகத் தெரிந்தன. "இதுக்கு மேலயா போனோம்?" என்றாள் பேத்தி. யானை நடமாடும் பகுதி என்பதால் இருட்டுவதற்குள் கிளம்பச் சொல்லி ஓட்டுநர் அவசரப்படுத்தினார். அது சரியான அவசரம்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பாதையில் மண்ணோ பாறையோ விழுந்து ரயில் ரத்தாவது வழக்கம். அப்படி ஆனால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் சீட்டுகள் வெகுநாள் முன்பே தீர்ந்துவிடும், ஆகவே முடிந்தால் முதல் வகுப்புச் சீட்டை நீங்களே நேரடியாக எடுத்துக்கொண்டு, மற்றதை மட்டும் இவர்களிடம் பதிவு செய்யுங்கள். வரைபடத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது, வந்திருந்த பதினான்கு பேரும் தமிழர்கள் என்பதால் இதை ஒரு குறையாகவே எழுதுகிறேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் இல்லை, நடை மிகக் குறைவு. எனக்கு வரவேண்டிய வித்தியாசத் தொகை மூன்று வாரம் கழித்து, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு வந்து சேர்ந்தது. அந்தப் பெரியவர் எல்லா நாளும் வருவதில்லையாம், உடம்புக்கு முடிகிற நாட்களில் மட்டும்தான் வருகிறாராம். பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போது, அவர் எந்த நாளில் வருகிறார் என்று முதலில் கேட்டுவிட்டு, அந்த நாளுக்கே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.